பம்பின் ஓசை: மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

சென்ற மாதம் மருமகனின் டபிள் கப் பிக்கப்பில் பருத்தித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வல்லை வெளியைக் கடக்கும்போது பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. வேகம் கூடியபோது முனகலும் கூடியது. முன்னே சென்ற பஸ்ஸை முந்துவதற்காக அவன் அழுத்தி மிதித்தான். வாகனம் ஒரு கணம் தயங்கிற்று, பிறகுதான் பாய்ந்தது.

"தம்பி, பம்பு கத்துது. எண்ணெய் ஒழுங்கா வரேல்லைப் போல," என்றேன்.

"மாமா, இது உங்கட காலத்து மொறிஸ் மைனர் இல்லை. ஏதும் பிழையெண்டால் முன்னுக்கு லைற் எரியும்," என்று சிரித்தான்.

லைற் எரியவில்லை. ஆனால் மூன்றாம் நாள் வாகனம் நெல்லியடியில் நின்றுவிட்டது. கராஜில் இளைஞர் ஒருவர் கையடக்கக் கணினி ஒன்றைப் பொருத்திப் பார்த்து, எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கிறது என்றார். வடிகட்டியைக் கழற்றியபோது அதன் அடியில் தண்ணீரும் கரிய சேறும் தேங்கியிருந்தன. புதிய வடிகட்டி போட்டதும் முனகல் நின்றது, தயக்கமும் நின்றது.

"உங்களுக்கு எப்பிடி மாமா தெரிஞ்சது?" என்று வரும் வழியில் கேட்டான். நான் கலைப்பீடத்தில் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழில். ஸ்பனரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் ஓர் எரிபொருள் பம்பு சுகமாக இருக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்பது என் காதுக்குத் தெரியும். எனக்கு மட்டுமல்ல, 1990 முதல் 1995 வரை குடாநாட்டில் வாழ்ந்த என் வயதினர் பலருக்கும் தெரியும். அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்லத் தொடங்கியதே இந்தக் கட்டுரை.

பழைய கார்களின் ஊர்

யாழ்ப்பாணத்தின் வீதிகளில் பழைய பிரித்தானியக் கார்கள் நீண்ட காலம் ஓடியமைக்குக் காரணம் வெறும் பாசமன்று. சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய கார்கள் இலங்கைக்கு ஏராளமாக வந்தன. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருக்கிற காரைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழி. ஆகவே எந்தப் பாகத்தையும் கடைந்தும் ஒட்டியும் மாற்றியும் பொருத்தக்கூடிய மெக்கானிக்குகளின் தலைமுறை ஒன்று இங்கே உருவாயிற்று. வாடகைக்கு நின்ற ஏ-40 கார்கள் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செத்த வீட்டுக்கும் ஓடின.

இந்தக் கார்களில் எரிபொருளை இழுக்கும் பம்பு இரண்டு வகைப்பட்டது. ஏ-40இல் இருந்தது இயந்திரத்தின் சுழற்சியாலேயே இயங்கும் பம்பு. அதற்கு மின்சாரம் தேவையில்லை, தனியான ஓசையும் இல்லை. மொறிஸ் மைனரில் இருந்தது எஸ்.யூ. என்னும் மின்பம்பு. இங்கிலாந்தில் பாதணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் எஸ்.யூ.; அவர்களுடைய முதற் காபரேற்றர்களில் தோலினால் செய்த துருத்தி இருந்தது என்பது பலருக்குத் தெரியாத சுவையான செய்தி.

எஸ்.யூ. பம்பின் வேலை எளிது. திறப்பைத் திருகியதும் மின்காந்தம் ஒரு மென்றகட்டை இழுக்கும். தாங்கியிலிருந்து எரிபொருள் உள்ளே வரும். உடனே மின்தொடுப்பு விலகும்; விற்சுருள் தகட்டைத் தள்ளும்; எரிபொருள் காபரேற்றருக்குப் போகும். மீண்டும் தொடுப்பு, மீண்டும் இழுப்பு. ஒவ்வொரு முறையும் ஒரு "டிக்". காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் உள்ளே மிதக்கும் மிதவை வாயிலை அடைத்துவிடும். தள்ள இடமில்லாமல் பம்பு நிற்கும், ஓசையும் நிற்கும். ஆகவே ஓசை நிற்பதுதான் சுகம். நிற்காமல் அடிப்பதே நோய்.

1990 ஆனி

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்தது. யாழ்தேவி நின்றது. லக்சபானா மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றறி, பசளை எனப் பட்டியல் நீண்டது. போருக்குப் பயன்படக்கூடிய பொருட்கள் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். தடுக்கப்பட்டவை தோட்டத்துக்கும் அடுப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் உரியவையாகவும் இருந்தன என்பது எங்கள் அனுபவம்.

மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. கூட்டுறவுக் கடையில் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுத்தார்கள். கறுப்புச் சந்தையில் அதன் விலை கொழும்பு விலையின் பல மடங்கு. ஜாம் போத்தலின் அடியில் சிறிது எண்ணெயும் பஞ்சும் வைத்து ஏற்றிய சிக்கன விளக்கில் நாங்கள் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அந்த மண்ணெண்ணெய்தான் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எரிபொருளாயிற்று.

வெளிநாட்டில் வாழும் நண்பர்கள் இதை யாழ்ப்பாணத்தான் மூளையின் அதிசயம் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அதிசயம் எதுவுமில்லை. அந்த வித்தை எங்கள் தோட்டங்களில் ஏற்கெனவே இருந்தது.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. துலா மிதித்த காலம் போய், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. அவற்றில் சிறிதளவு பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பள்ளிக்கூடம் போகமுன் தோட்டத்துக்கு இறைத்த சிறுவனுக்கும் அது தெரியும். 1940களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் பேர்கியூசன் உழவு இயந்திரத்துக்கு இதே முறையில் இரட்டை எரிபொருள் வகை வந்தது. அங்கே வரிச் சலுகையுள்ள மலிவு எண்ணெய்க்காகச் செய்தார்கள். இங்கே வேறு எண்ணெய் இல்லாமையால் செய்தோம்.

மண்ணெண்ணெய் எப்படி ஓடியது?

பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றக்கூடிய அளவு ஆவி விடும். எங்கள் ஊர்க் காலைப்பொழுது அவ்வளவு சூடில்லை. ஆகவே குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர் பெறாது. மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோலைப் பொன்னைப்போல வைத்திருப்பார்கள். காபரேற்றரின் வாயில் சில துளிகள் விட்டு, காரைத் தள்ளி இயக்கி, அந்தச் சில கணங்களுக்குள் மண்ணெண்ணெயைப் பிடிக்கச் செய்யவேண்டும். பிடிக்காவிட்டால் மறுபடியும் சில துளிகள். மூன்றாம் முறையும் தவறினால் சாரதியின் முகத்தைப் பார்க்க முடியாது.

பிடித்த பின்னரும் நிம்மதியில்லை. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காமல் முந்தி எரிந்து இயந்திரத்தைத் தட்டும். "நொக்கிங்" என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த ஓசை, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்றது. பழைய கார்களின் அமுக்க விகிதம் தாழ்வாக இருந்தமையால் அவை ஓரளவு தாங்கின. 1980களில் வந்த ஜப்பானியக் கார்கள் பெரும்பாலும் அடம்பிடித்தன. தந்தையாரின் ஏ-40ஐ வைத்திருந்தவர் அதிர்ஷ்டசாலியானார். புதிய கார் வாங்கியவர் அதை ஓலைக் கொட்டிலுக்குள் மூடிவைத்தார்.

எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகள் கரிபிடிக்கும். சில மைலுக்கு ஒருமுறை நிறுத்திப் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுவது சாதாரண காட்சி. பின்னால் வெண்புகை. சைக்கிளில் அந்தப் புகைக்குள் போய் வீட்டுக்கு வந்தால் உடுப்பிலும் தலைமயிரிலும் மண்ணெண்ணெய் மணக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்காலத்தில் இரவில் ஒரு வாகனம் வரும்போது ஓசையையும் மணத்தையும் கொண்டே அது யாருடையது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இருமி, தட்டி, புகைத்து வந்தால் அது சனத்தின் வாகனம். சீராக உறுமி விரைந்தால் அது பெரும்பாலும் இயக்கத்தின் பிக்கப். இருந்த நல்ல எரிபொருள் யாரிடம் இருந்தது என்பதை அந்த ஓசை சொல்லியது. "பிக்கப்" என்ற சொல்லுக்கே எங்கள் ஊரில் ஒரு வரலாறு உண்டு. அது வியாபாரியின் வாகனமாகவும் விவசாயியின் வாகனமாகவும் ஆனது மிகப் பிந்தித்தான்.

ஒரு கார்த்திகை இரவு

1992 கார்த்திகை. நான் பல்கலைக்கழக மாணவன். மாலைகளில் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்கும் வேலை. கோடிட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம். அத்தான் கொழும்பிலிருந்து வரமுடியாமல் அகப்பட்டிருந்தார். புத்தூரில் எங்கள் வீட்டில் அக்கா நிறைமாதம்.

இரவு பத்து மணிக்குப் பிறகு நோவு தொடங்கியது. மழை. ஊரில் ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒரு மொறிஸ் மைனர். அதன் சாரதி அறுபதைத் தாண்டிய மனிதர். ஊரில் எல்லாருக்கும் அவர் "கார்க்காரண்ணை". கதவைத் தட்டியதும் காரணம் கேட்காமல் எழுந்து வந்தார். பெற்றோல் போத்தலை லாம்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் இரண்டு விரல்.

"தம்பி, இதுக்கை ரண்டு தரம் ஸ்ராட் பண்ணலாம். மூண்டாந்தரம் கடவுள்," என்றார்.

நானும் அயலவர் இருவரும் தள்ளினோம். முதல் முறையிலேயே பிடித்தது. பின்னாசனத்தில் அம்மாவும் அக்காவும். முன் விளக்கை ஏற்றவில்லை. ஹெலியின் பயம் ஒன்று, மின்பம்புக்கு உயிர்கொடுக்கும் கிழட்டுப் பற்றறியின் பயம் மற்றொன்று. நீர்வேலி கழிந்தது. கோப்பாயை அண்டும்போது பொனற்றுக்குள் இருந்து அந்த ஓசை எழுந்தது. "டிக்... டிக்..." என்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்த பம்பு திடீரென "டிக்-டிக்-டிக்-டிக்" என்று இடைவெளியின்றி அடித்தது. இயந்திரம் குலுங்கியது, அவர் காரை வீதியோரம் விட்டார், இயந்திரம் நின்றது. பம்பு மட்டும் இருட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"எண்ணெய் முடிஞ்சுதோ அண்ணை?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் தலையைச் சரித்துக் கேட்டார். "முடியேல்லை. முடிஞ்சிருந்தா முதலே இழுத்து இழுத்து அடிச்சிருக்கும். இது காத்து எடுக்குது," என்றார். பொனற்றைத் திறந்து, பம்புக்கு வரும் குழாயை இருட்டில் விரலால் தடவினார். பொருத்து ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கினார். பிறகு மடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்து, பொருத்தைச் சுற்றி அப்பினார். சவர்க்காரம் எண்ணெயில் கரையாது, கசிவை அடைக்கும். பனம்பழத்தால் துணி துவைத்த காலம் அது. அந்தச் சிறு துண்டின் பெறுமதி இன்று எவருக்கும் விளங்காது.

திறப்பைத் திருகினார். பம்பு வேகமாக அடித்தது. மெல்ல மெல்ல அடிகளுக்கிடையே இடைவெளி கூடியது. பிறகு நின்றது. மழையின் ஓசை மட்டும். அந்த மௌனத்தைப் போல இனிமையான ஒன்றை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. போத்தலில் இருந்த மிச்சத்தை விட்டார். நான் ஒருவனாகத் தள்ளினேன். கார் பிடித்தது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் செஞ்சிலுவைக் கொடி மழையில் நனைந்து தொங்கியது. விடியப்புறம் பிள்ளை பிறந்தது. அன்று பிறந்தவன்தான் சென்ற மாதம் என்னைப் பார்த்து "இது உங்கட மொறிஸ் மைனர் இல்லை" என்று சிரித்தவன்.

இதை ஒரு வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. சைக்கிள் கரியரிலும் மாட்டுவண்டியிலும் நோயாளிகளைக் கொண்டுபோன நாட்கள் அவை. எங்களுக்குக் கார் கிடைத்தது, பொருத்து கோப்பாயில் தளர்ந்தது, சாரதிக்குக் காது இருந்தது. இந்த மூன்றில் ஒன்று பிழைத்திருந்தாலும் என் அக்காவின் கதை வேறாக முடிந்திருக்கும். அப்படி வேறாக முடிந்த கதைகள் எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

ஓசை மாறிய காலம்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. ஓடக்கூடியவை எல்லாம் அன்று வீதியில் நின்றன. சன நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்ததால் இயந்திரங்கள் கொதித்தன; கைவிடப்பட்ட வாகனங்களைத் தாண்டி மனிதர் நடந்தனர். அதே 1995இல்தான் ஜப்பானில் டென்சோ நிறுவனம் கொமன் றெயில் என்னும் புதிய டீசல் முறையை லொறி ஒன்றில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகளில் அது கார்களுக்கும் வந்தது. எங்கள் காது பழகியிருந்த இயந்திர உலகம் அத்துடன் முடிவுக்கு வரத் தொடங்கியது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

2002இல் யுத்தநிறுத்தத்தின் பின்னர் ஏ-9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இன் பின்னர் நிலையாகத் திறந்தது. ஹைஏஸ் வான்களும், தொண்டு நிறுவனங்களின் வெள்ளைப் பிக்கப்புகளும், லீசிங்கில் எடுத்த சிறு லொறிகளும் வீதிகளை நிறைத்தன. ஏ-40கள் கலியாண ஊர்வலத்துக்குரிய அலங்காரப் பொருட்களாயின.

இன்றைய பிக்கப் ஒன்றின் எரிபொருள் முறை முற்றிலும் வேறானது. எஸ்.யூ. பம்பு எரிபொருளைத் தள்ளிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒன்றிரண்டு இறாத்தல். வாயால் ஊதினாலே கிட்டத்தட்ட அந்த அழுத்தம் வரும். கொமன் றெயில் டீசல் இயந்திரத்தில் உயரழுத்தப் பம்பு எரிபொருளை வளிமண்டல அழுத்தத்தின் 1,600 மடங்குக்கும் மேலாக அமுக்குகிறது. மிக நுண்ணிய துளைகளால் அது சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது.

ஆனாலும் ஓசையின் இலக்கணம் பெரிதாக மாறவில்லை. தாங்கிக்குள் மின்பம்பு உள்ள வாகனங்கள் பலவற்றில் திறப்பைத் திருகியதும் இரண்டொரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்டு அடங்கும். அது பழைய பம்பு வேகமாக அடித்து நின்றதற்குச் சமன், சுகமான அறிகுறி. எதுவுமே கேட்கவில்லையென்றால் பியூசையும் ரிலேயையும் மின்கம்பியையும் பார்க்கவேண்டும். அன்று மின்தொடுப்பு கருகிய பம்பை ஸ்பனர் பிடியால் தட்டி எழுப்பினோம். ரீங்காரம் முனகலாக உயர்ந்து, பாரம் இழுக்கும்போது வாகனம் தயங்கினால், பம்பு எதையோ எதிர்த்துப் போராடுகிறது என்று பொருள். அடைபட்ட வடிகட்டி, தாங்கியில் எரிபொருட் குறைவு, குழாயில் காற்று ஆகியவற்றில் ஒன்று அநேகமாகக் காரணமாக இருக்கும்.

நின்ற நிலையில் இயந்திரத்தின் உறுமல் தானாக ஏறி இறங்கினால், உயரழுத்தப் பம்புக்குள் எவ்வளவு எரிபொருளை விடுவது என்று தீர்மானிக்கும் வால்வு சந்தேகத்துக்குரியது. அழுக்கு அதை ஒட்டிக்கொள்ளச் செய்யும். இறுதியாக ஒன்று: தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதும் மசகிடுவதும் அதைச் சூழ்ந்துள்ள எரிபொருள்தான். எப்போதும் "காற்கால் தாங்கி" மட்டத்தில் ஓட்டுபவர், சிக்கனம் என்று எண்ணிக்கொண்டு பம்பின் ஆயுளைச் செலவழிக்கிறார்.

2022: பழைய வித்தை பலிக்காத ஆண்டு

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. தென்னிலங்கை நண்பர்கள் தொலைபேசியில் அந்தரப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் வயது போனவர்கள் ஒருவிதமான அமைதியுடன் சைக்கிளைத் துடைத்து எடுத்ததைப் பார்த்தேன். "நாங்கள் காணாததே?" என்பது அந்நாட்களில் அடிக்கடி கேட்ட வசனம்.

அந்த அமைதிக்குள் ஒரு ஆபத்தும் இருந்தது. "அப்ப மண்ணெண்ணெயில ஓடினோம், இப்ப ஏன் ஓடேலாது?" என்று கேட்டவர்கள் உண்டு. விடை எளிது. டீசலில் ஓரளவு மசகுத் தன்மை உண்டு. உயரழுத்தப் பம்பின் பாகங்கள் அந்த மசகை நம்பியே உரசுகின்றன. மண்ணெண்ணெய் அதைக் கொடுக்காது. பாகங்கள் தேய்ந்து உலோகத் துகள் எரிபொருளில் கலக்கும். துகள் பீச்சுகுழல்களை அழிக்கும். ஏ-40இன் பிளக்கைத் துடைத்துப் போட்டதுபோல இதைத் துடைத்துப் போட முடியாது. முழு எரிபொருள் முறையையும் மாற்றவேண்டிய செலவு. பழைய இயந்திரம் எங்கள் வறுமையை மன்னித்தது. புதிய இயந்திரம் மன்னிக்காது.

அந்த நெருக்கடியில் மிகவும் நொந்தவர்கள் கடற்றொழிலாளர். குடாநாட்டுப் படகுகள் பலவற்றின் வெளியிணைப்பு இயந்திரங்கள் இன்றும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்தத் தோட்டத்து வித்தை இன்று கடலில்தான் உயிரோடிருக்கிறது. 2022 ஓகஸ்ட்டில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாவானது. கரையில் ஏற்றி வைக்கப்பட்ட படகுகளைப் பார்த்தபோது, 1990களில் கொட்டிலுக்குள் மூடிவைத்த கார்களே எனக்கு நினைவுக்கு வந்தன.

எழுதப்படாத பக்கம்

பொருளாதாரத் தடையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நானே பல தடவை எழுதியிருக்கிறேன். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல், கிளாலிக் கடலேரியில் இறந்தவர்கள், விலைகள், அறிக்கைகள். ஆனால் ஒரு கார் எப்படி ஓடியது, யார் ஓட்டச் செய்தார், எந்தப் பொருத்தில் எதை அப்பினார் என்பதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியதில்லை. பத்திரிகைக்காரனாகிய எனக்கு அது செய்தியாகத் தெரியவில்லை. அன்றாடம் கண்ணெதிரே நடந்ததால் அது வரலாறாகவும் தெரியவில்லை.

கார்க்காரண்ணை இடப்பெயர்வின் பின்னர் ஊர் திரும்பவில்லை. வன்னியில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய மொறிஸ் மைனர் என்னவாயிற்று என்று தெரியாது. அவரைப் போன்ற மெக்கானிக்குகளிலும் சாரதிகளிலும் எஞ்சியிருப்பவர்கள் இப்போது எண்பதை அண்டுகிறார்கள். எந்தக் காரில் எந்தக் குறையை எப்படிச் சமாளித்தார்கள் என்பது அவர்களுடைய விரல்களிலும் காதுகளிலும் இருக்கிறது. காகிதத்தில் இல்லை.

அதைப் பெருமைக்காகப் பதிவு செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கெட்டித்தனத்தைக் கொண்டாடும்போது, அந்தக் கெட்டித்தனத்தை எங்கள் மீது திணித்த கொடுமை மங்கிப்போய்விடுகிறது. ஆனால் அந்தக் கொடுமை என்ன அளவினது என்பதை அறியவேண்டுமானால், ஒரு பிரசவத்துக்கும் இரண்டு விரல் பெற்றோலுக்கும் இடையே இருந்த தொடர்பு தெரிந்திருக்க வேண்டும். வெறும் பட்டியல் அதைச் சொல்லாது. உங்கள் தந்தையாரோ பெரியப்பாவோ அக்காலத்தில் வாகனம் ஓட்டியவராக இருந்தால், ரொறன்ரோவிலோ லண்டனிலோ சுன்னாகத்திலோ எங்கிருந்தாலும், அவரிடம் ஒருநாள் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நெல்லியடியிலிருந்து திரும்பி வந்த அன்று மருமகனுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது புத்தூர்ச் சந்தி வந்துவிட்டது. அவன் பிறந்த இரவின் கதை அவனுக்குத் தெரியும். அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அதில் மழையும் இருட்டும் இருந்தனவேயன்றிப் பம்பு இருக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தான். பிறகு சில கணங்கள் கழித்துத் திறப்பை மறுபடியும் பாதி திருகினான். பின்னால் மெல்லிய ரீங்காரம் இரண்டு விநாடி கேட்டு அடங்கியது.

"இப்ப சரியோ மாமா?" என்றான்.

"சரி," என்றேன்.